மூன்று பக்கம் வெறும் மண்

குழந்தைகளோடு சேர்ந்து பார்க்க வசந்தகாலப் படப்புத்தகங்களை எப்படித் தேர்ந்தெடுப்பது, சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று போன இதழில் ஒரு வரி போட்டிருந்தோம். பத்துப் பன்னிரண்டு கடிதம் வரும், ஒரே பக்கத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். வந்து குவிந்ததைப் பார்த்தால் இதழ் முழுக்க நானே எழுத வேண்டியிருக்கும் போல. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து, நீளமானவற்றைச் சுருக்கி, எட்டைப் பொறுக்கியிருக்கிறேன். பெயர் வேண்டாம் என்று பாதிப்பேர் கேட்டதால் யாருக்குமே போடவில்லை.

கேள்வி: அக்கா, என் மகளுக்கு மூன்றரை வயது. வசந்தகாலம் பற்றி நான்கு புத்தகம் வாங்கினேன். நான்கிலும் பூ, பட்டாம்பூச்சி, முயல், சிரிக்கிற சூரியன். இரண்டே நிமிடத்தில் புரட்டிவிட்டு எழுந்து போய்விடுகிறாள். படங்கள் நிஜமாகவே அழகாகத்தான் இருக்கின்றன. தப்பு புத்தகத்திலா, அவளிடமா? நல்லதாக எப்படிப் பார்த்து எடுப்பது?

பதில்: அவளிடம் ஒரு தப்பும் இல்லை. அந்தப் புத்தகங்களில் எதுவும் நடக்கவில்லை, அவ்வளவுதான். முதல் பக்கத்தில் பூ பூத்துவிட்டது, கடைசிப் பக்கத்திலும் அதே பூ அப்படியே நிற்கிறது, நடுவில் அவள் எதற்காக உட்கார்ந்திருக்க வேண்டும்? வசந்தம் என்பதே ஒன்று இன்னொன்றாக மாறுகிற காலம். மொட்டைக் கிளை தளிர் விடுகிறது, முட்டைக்குள்ளிருந்து குஞ்சு ஓட்டைக் கொத்துகிறது, குட்டையில் நேற்று கரும்புள்ளியாகக் கிடந்தது இன்று வாலை ஆட்டுகிறது. அந்த மாற்றம் பக்கத்துக்குப் பக்கம் கண்முன்னால் நடக்கிற புத்தகமாகப் பாருங்கள். வெறும் பூப்படம் காலண்டரிலேயே இருக்கிறது.

படப்புத்தகங்களில் பெரும்பாலானவை 32 பக்கம். அச்சுத்தாளை மடித்து வெட்டும்போது பக்கங்கள் எட்டெட்டாக, பதினாறு பதினாறாக விழும், அதனால் வந்த கணக்கு. தலைப்பு, பதிப்பு விவரம் எல்லாம் போகக் கதைக்கு மிஞ்சுவது பன்னிரண்டு, பதினான்கு விரிப்புகள்தான் (விரிப்பு என்று நான் சொல்வது, புத்தகத்தைத் திறந்தால் எதிரெதிரே தெரிகிற இரண்டு பக்கத்தையும் சேர்த்து). இந்த விரிப்புக்கும் அடுத்த விரிப்புக்கும் நடுவில் தாளைத் திருப்புகிற ஒரு நொடி இருக்கிறதே, கைதேர்ந்தவர்கள் கதையை அங்கேதான் ஒளித்து வைப்பார்கள்.

நான் வாராவாரம் குழந்தைகளுக்கு வாசிக்கிற இடத்தில் ஒரு விதைப் புத்தகம் இருந்தது, அட்டை போய், முதுகில் பசைநாடா ஒட்டி. அதில் ஒரு ஜன்னல், ஜன்னலோரம் ஒரு தொட்டி. முதல் விரிப்பில் ஒரு கை விதையைப் போடுகிறது. அடுத்த மூன்று விரிப்பிலும் தொட்டியில் வெறும் மண்தான். ஜன்னல் மட்டும் மாறிக்கொண்டே இருக்கும்: ஒன்றில் மழை, ஒன்றில் வெயில், ஒன்றில் இருட்டும் நிலாவும். பெரியவர்கள் பார்த்தால் ஓவியருக்குச் சோம்பல் என்பார்கள். குழந்தைகள் மூக்கு தாளில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து அந்த மண்ணைப் பார்ப்பார்கள். ஒரு பையன், நாலு வயது இருக்கலாம், மூன்றாவது வெறும் மண்ணில் விரலை ஊன்றி, "உள்ள என்னமோ பண்ணுது" என்றான். அங்கே எதுவும் வரையப்படவில்லை. அடுத்த தாளைத் திருப்பினேன், மண்ணில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல், அவ்வளவுதான், எழுந்து நின்று கத்திவிட்டான். கடைசியில் அந்தச் செடி பூத்தபோது அவன் அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவனுடைய கதை விரிசலோடு முடிந்துவிட்டது.

ஆக, வாங்குவதற்கு முன் எழுத்தை உள்ளங்கையால் மூடிவிட்டுப் படங்களை மட்டும் வரிசையாகப் பாருங்கள். என்ன நடக்கிறது என்று பிடிபட வேண்டும். முதல் விரிப்பையும் கடைசி விரிப்பையும் ஒப்பிட்டுப் பாருங்கள், இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் வைத்துவிடலாம். அப்புறம் எழுத்து சொல்லாத ஏதாவது ஒன்று படத்தில் ஒளிந்திருக்கிறதா என்று தேடுங்கள். ஒரு நத்தை, பக்கத்துக்குப் பக்கம் சுவரில் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டிருக்கும், கதையில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. அதை முதலில் கண்டுபிடிப்பது உங்கள் மகளாகத்தான் இருக்கும், நீங்கள் எழுத்தை வாசித்துக்கொண்டிருப்பீர்கள் இல்லையா.

ஏற்கெனவே வாங்கிய நான்கையும் தூக்கிப் போட வேண்டாம். பட்டாம்பூச்சி எண்ணுவதற்கு ஆகும்.

கேள்வி: நாங்கள் இருக்கிற இடத்தில் பனி உறைவதும் இல்லை, உருகுவதும் இல்லை. வசந்தம் என்று எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் முதல் பக்கத்திலேயே பனி உருகுகிறது, கம்பளித் தொப்பி போட்ட பிள்ளை ஒன்று அதில் குதிக்கிறது. "நமக்கு எப்பம்மா பனி உருகும்?" என்று கேட்கிறான் மகன். இதெல்லாம் நமக்கு எதற்கு?

பதில்: சிங்கப் புத்தகம் வாங்கும்போது நம் வீட்டுப் பக்கம் சிங்கம் இல்லையே என்று யோசித்தோமா? பனிப் புத்தகத்தையும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், தூரத்து இடத்தின் கதையாக. சிக்கல் எப்போது வருகிறதென்றால், அது ஒன்றுதான் வசந்தம் என்று அவன் நினைத்துக்கொள்ளும்போது.

ருடின் சிம்ஸ் பிஷப் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1990இல் எழுதிய ஒரு கட்டுரையில், குழந்தைக்குப் புத்தகம் சில நேரம் ஜன்னல், சில நேரம் முகம் பார்க்கும் கண்ணாடி என்றார். குழந்தைப் புத்தகங்கள் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றைக்கும் அதைச் சொல்லாமல் இருப்பதில்லை. உங்கள் வீட்டில் ஜன்னல் நிறைய சேர்ந்துவிட்டது போலிருக்கிறது. ஒரு கண்ணாடியாவது வேண்டும். விதை, முட்டை, கூடு, புழு, முதல் மழை, இவற்றை மையமாக வைத்த புத்தகத்தை எந்த ஊரிலும் வாசிக்கலாம். மரம் பற்றிய புத்தகம் கிடைத்தால் இன்னும் நல்லது, அதிலும் பச்சைப்பசேல் என்று ஆரம்பிக்காமல் மொட்டைக் கிளையிலிருந்து ஆரம்பிக்கிற ஒன்று. இலவமும் முருக்கும் இலை மொத்தத்தையும் உதிர்த்துவிட்டு வெறும் கிளையில்தான் பூக்கும். பனி இல்லாத இடத்திலும் மரத்துக்கு அதன் கணக்குப்படி ஒரு வசந்தம் உண்டு என்று அதைக் காட்டியே சொல்லிவிடலாம்.

மகன் கேட்ட கேள்விக்கு நேர்ப் பதிலும் சொல்லுங்கள். பூமி 23.5 பாகை சாய்ந்தபடி சூரியனைச் சுற்றுகிறது, அதனால்தான் பருவங்கள் மாறுகின்றன. சூரியனுக்குக் கிட்டே போகும்போது வெயில் காலம் வருகிறது என்று பெரியவர்களே நிறையப் பேர் நினைக்கிறார்கள், ஆனால் பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பது ஜனவரி தொடக்கத்தில், வடபாதி குளிரில் நடுங்குகிற நேரத்தில். வடக்கே மார்ச் 20 வாக்கில் தொடங்குகிற வசந்தம், பூமத்திய ரேகைக்குத் தெற்கே செப்டம்பர் 22, 23 வாக்கில்தான் தொடங்குகிறது. ஒரு ஆரஞ்சுப் பந்தையும் கைவிளக்கையும் வைத்து அவனிடம் காட்டிப் பாருங்கள், முழுதும் புரியாது, ஆனால் பந்து பிடிக்கும்.

இன்னொன்று. தமிழில் பனி என்ற சொல்லே கொஞ்சம் ஏமாற்றும். ஆண்டை ஆறாகப் பிரித்த நம் பழைய கணக்கில் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று வரும். அந்தப் பனி புல்நுனியில் நிற்கிற துளி. புத்தகத்தில் இருப்பதோ வானத்திலிருந்து விழுந்து முழங்கால் வரை கிடப்பது. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் பிள்ளை என்ன செய்வான்? உறைபனி, வெண்பனி என்று எதையாவது பிரித்துச் சொல்லுங்கள். அப்புறம் இளவேனில் என்ற சொல்லையும் கொடுத்துவிடுங்கள். இளசான வெயில், அவ்வளவுதான், மூன்று வயதுப் பிள்ளைக்கும் புரியும்.

கேள்வி: தங்கச்சி, பேரனுக்குப் பதினான்கு மாதம். பூ, குஞ்சு எல்லாம் போட்ட புத்தகம் ஒன்று கொடுத்தோம். தின்றுவிட்டான். மிகையாகச் சொல்லவில்லை, கோழிக்குஞ்சின் தலையைக் காணோம். இந்த வயதில் புத்தகமே வேண்டாம் என்கிறாள் மருமகள். நீ என்ன சொல்கிறாய்?

பதில்: அண்ணா, மருமகள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, தாள் வயிற்றுக்குள் போவது நல்லதில்லை. ஆனால் அதற்காக நிறுத்த வேண்டாம், வேறு புத்தகத்துக்கு மாறினால் போதும். எல்லாப் பக்கமுமே கெட்டி அட்டையாக, முனை மழுங்கியதாக வாங்குங்கள். கடிப்பான், கடிக்கட்டும், அந்த வயதில் எதையும் வாயில் வைத்துத்தான் தெரிந்துகொள்வார்கள். அட்டையும் ஊறிப் பிரிய ஆரம்பித்தால் அதை எடுத்துவிடுங்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு பொருள் போதும், பின்னணியில் வேறு கசகசப்பு எதுவும் இல்லாமல். முட்டை. திருப்பினால் விரிசல். திருப்பினால் குஞ்சு. நீங்கள் வாசிக்க வேண்டியதும் அவ்வளவுதான்: "முட்டை... முட்டை... டொக்! குஞ்சு!" அந்த டொக்குக்கு முன்னால் கொஞ்சம் நிறுத்துங்கள். நான்காவது நாள் உங்களுக்கு முன்னால் அவன் டொக் சொல்வான்.

திறந்தால் குஞ்சு எட்டிப் பார்க்கிற, இழுத்தால் பூ விரிகிற புத்தகங்களை யாராவது பரிசாகக் கொண்டுவருவார்கள். வேடிக்கைக்கு நன்றாக இருக்கும். பெயர் கற்றுக்கொள்ள அவை அவ்வளவு உதவுவதில்லை. 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வில் சின்னக் குழந்தைகளுக்கு இந்த மாதிரி எழும்பி நிற்கிற புத்தகத்தையும், சாதாரணப் புகைப்படம் போட்ட புத்தகத்தையும் கொடுத்துப் பார்த்தார்கள், புகைப்படப் புத்தகத்திலிருந்துதான் விலங்குகளின் பெயரை நன்றாகக் கற்றார்கள். மற்றதில் கவனமெல்லாம் இழுக்கிற வேலைக்குப் போய்விடுகிறது.

கேள்வி: ஓர் அப்பா எழுதுகிறேன் மேடம். மகனுக்கு ஐந்து வயது. வசந்தகாலக் கதை என்றால் முயல் சட்டை போட்டுக்கொண்டு கடிதம் எழுதுகிறது, தேனீக்கு மீசை இருக்கிறது. புகழ்பெற்ற பட்டாம்பூச்சிப் புத்தகம் ஒன்றில்கூடத் தப்பு இருக்கிறது என்கிறார்களே? தப்பு இருப்பதையெல்லாம் ஒதுக்கிவிடலாமா?

பதில்: ஒதுக்க ஆரம்பித்தால் அலமாரியில் பாதி காலியாகிவிடும் சார். சட்டை போட்ட முயலை நான் விட்டுவிடுவேன். அது கதை என்று முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. ஆனால் முயலைப் பற்றித் தெரிந்துகொள்ள அந்தப் புத்தகத்தை வாங்காதீர்கள். பாட்ரீசியா கேனியாவும் உடன் ஆய்வாளர்களும் 2014இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். விலங்கு மனிதரைப் போலப் பேசி நினைப்பதாகச் சொன்ன புத்தகத்தைக் கேட்ட குழந்தைகள், அந்தக் குணங்களை நிஜ விலங்குக்கும் ஏற்றிச் சொன்னார்கள், அதைப் பற்றிய உண்மைகளையும் குறைவாகவே கற்றார்கள். அதனால் பேசுகிற முயல் ஒன்று வாங்கினால் பேசாத முயல் ஒன்றும் வாங்குங்கள்.

எனக்கு எரிச்சல் வருவது இரண்டுங்கெட்டான் புத்தகங்களைப் பார்த்தால்தான். தவளை எப்படி வளர்கிறது தெரியுமா என்று ஆசிரியர் மாதிரி ஆரம்பித்துவிட்டு, தலைப்பிரட்டைக்கு வால் உதிர்ந்து விழுந்தது என்று முடிக்கும். வால் உதிர்வதில்லை. முதலில் பின்னங்கால், பிறகு முன்னங்கால் முளைக்கும், வால் கொஞ்சம் கொஞ்சமாக உடம்புக்குள்ளேயே கரைந்து சேர்ந்துவிடும். விதைப் புத்தகம் என்றால் முதலில் வெளியே வருவது எது என்று பாருங்கள். வேர்தான் வர வேண்டும். பச்சைத்தளிர் முதலில் எட்டிப் பார்த்தால் அந்த ஓவியர் வீட்டில் ஒரு பயறைக்கூட முளைகட்டிப் பார்த்ததில்லை என்று அர்த்தம். தேனீயின் மீசையும் உங்கள் கண்ணில் சரியாகத்தான் பட்டிருக்கிறது. பூப்பூவாக அலைந்து தேன் சேகரிக்கிற வேலைக்காரத் தேனீக்கள் எல்லாமே பெண்கள், ஆண் தேனீக்கு அந்த வேலையே கிடையாது.

நீங்கள் சொல்கிற பட்டாம்பூச்சிப் புத்தகம் எரிக் கார்லுடையதாகத்தான் இருக்கும், 1969இல் வந்தது, பக்கத்தில் ஓட்டை போட்டுத் தின்றுகொண்டே போகிற புழுவின் கதை. அதன் ஆங்கில மூலத்தில் புழு தன்னைச் சுற்றி நூல்கூடு கட்டிக்கொண்டு உள்ளே இருப்பதாக வரும். நூல் நூற்றுக் கூடு கட்டுவது பட்டுப்பூச்சி போன்ற அந்துப்பூச்சிகளின் வேலை. பட்டாம்பூச்சிப் புழு பெரும்பாலும் அப்படிச் செய்யாது, கடைசித் தோலை உரித்துப் போட்டதும் உள்ளிருந்து கூட்டுப்புழு தெரியும், அதன் மேல்தோல்தான் அதற்கு உறை. அதற்காக நான் அந்தப் புத்தகத்தை விட்டுவிடவில்லை. அந்த ஓட்டைகளில் விரலை விடாத குழந்தையை இதுவரை பார்த்ததில்லை.

தமிழில் இந்தத் தகராறு வேறு மாதிரி வரும். நமக்கு எல்லாமே கூடு. குருவிக்கும் கூடு, தேனீக்கும் கூடு, பட்டுப்புழுவுக்கும் கூடு. ஒரு தடவை நான் "புழு கூட்டுக்குள்ள போச்சு" என்று வாசித்ததும் ஒரு சின்னப் பெண் மிகவும் கவலையாக, "குருவி வந்தா?" என்று கேட்டாள். அவள் மனதில் அது குருவியின் கூடு. புழு தானாகவே போய் அதற்குள் படுத்துவிட்டது! அன்றிலிருந்து "தனக்குத்தானே ஒரு உறை" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: வீட்டில் தமிழ்தான் பேசுகிறோம். நல்ல படம் உள்ளது ஆங்கிலத்தில் கிடைக்கிறது. தமிழில் வாங்கியதில், "வசந்தத்தின் வருகையால் மலர்கள் மகிழ்ச்சியுடன் புன்னகைத்தன" என்று இருக்கிறது. வாசித்தால் எனக்கே கொட்டாவி வருகிறது, அக்கா.

பதில்: அந்த வரியை வாய்விட்டு ஒரு முறை வாசித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தேன். எந்த வீட்டில் யார் இப்படிப் பேசுகிறார்கள்? "பூ பூத்திருக்கு பார்" என்றால் போதாதா?

புத்தகம் எந்த மொழியில் இருந்தாலும் படம் உங்களுடையது. ஆங்கிலத்தை வரிவரியாக மாற்றாதீர்கள், படத்தைப் பார்த்து உங்கள் பேச்சில் சொல்லுங்கள். முன்னாலேயே ஒரு தடவை தனியாகப் புரட்டி வைத்துக்கொண்டால் தடுமாற மாட்டீர்கள். பாட்டாக எழுதிய புத்தகம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். ஆங்கிலப் பாட்டு வரியின் கடைசியில் ஒலி சேரும்படி எழுதப்பட்டது. நம் காது வரியின் தொடக்கத்தைக் கவனிக்கிற காது, எதுகையும் மோனையும் அங்கேதான் உட்கார்ந்திருக்கின்றன. மொழிபெயர்க்கிறவர் அதை மறந்து கடைசியிலேயே பிடித்து இழுத்தால் பறந்தது, சிறந்தது, திறந்தது என்று ஒரு ஊர்வலம் போகும். தமிழ்ப் புத்தகம் எடுக்கும்போது ஒரு பக்கத்தை மெதுவாக முணுமுணுத்துப் பாருங்கள், நாக்கு எங்காவது இடறினால் தினமும் ராத்திரி அதே இடத்தில் இடறும்.

வசந்தத்துக்கென்றே தமிழில் ஒரு பெட்டி நிறைய சொல் இருக்கிறது, அதை வெளியே எடுங்கள். கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு. அரும்பு, மொட்டு, மலர், உதிர்ந்தால் வீ, வாடினால் செம்மல். வீயும் செம்மலும் இப்போது யாரும் பேசுவதில்லை, சரி, அரும்பும் மொட்டும் கொழுந்தும் போதும். ஒரே செடியின் படத்தில் விரலை வைத்து இது அரும்பு, இது மொட்டு என்று காட்டினால், மொட்டு அடுத்து என்ன ஆகும் என்று குழந்தையே கேட்கும். ஒலிச் சொற்களுக்கும் பஞ்சமில்லை: சலசல, படபட, கீச்கீச், சொட் சொட். கொமேனியஸ் என்ற கல்வியாளர் 1658இல் குழந்தைகளுக்காகப் படங்களோடு வெளியிட்ட லத்தீன் பாடநூல் ஒன்று உண்டு, குழந்தைகளுக்கான படப்புத்தகங்களின் வரலாறு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். அதன் ஆரம்பத்திலேயே காக்கை இப்படிக் கத்தும், ஆட்டுக்குட்டி இப்படிக் கத்தும் என்று ஒலிகளாகத்தான் எழுத்தைச் சொல்லித்தருகிறார். லத்தீன் பாடநூலுக்கே அது வேண்டியிருந்தது என்றால் நாம் ஏன் கூச்சப்பட வேண்டும்? கத்துங்கள்.

கேள்வி: தினமும் அதே வாத்துக்குஞ்சுப் புத்தகம். நாற்பது நாளாக. ஒளித்து வைத்துவிடலாமா?

பதில்: நான் ஒரு தடவை ஒளித்து வைத்திருக்கிறேன், தலையணை உறைக்குள். மறுநாள் காலையிலேயே பிடிபட்டேன், ஒரு வாரம் என்னை நம்பவில்லை. பேசாமல் வாசித்துவிடுங்கள். ஜெசிகா ஹார்ஸ்ட் குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வில், புதுச் சொற்களை மூன்று வயதுக் குழந்தைகளுக்கு இரண்டு விதமாகக் கொடுத்தார்கள். ஒரு கூட்டத்துக்கு ஒரே கதையைத் திரும்பத் திரும்ப, இன்னொரு கூட்டத்துக்கு அதே சொற்கள் வருகிற வெவ்வேறு கதைகள். சொற்களை நன்றாகப் பிடித்துக்கொண்டது ஒரே கதையைக் கேட்டவர்கள். அலுப்பு உங்களுக்கு மட்டும்தான். பக்கம் தாவி முடித்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், தாவிய பக்கம் எது என்று சொல்லிவிடுவார்கள்.

கேள்வி: எழுத்தே இல்லாத படப்புத்தகம் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள். மொட்டை மரம், காற்று, பறவை, கூடு, கடைசியில் மரம் முழுக்க இலை. இதை எப்படி வாசிப்பது?

பதில்: நீங்கள் வாசிக்க வேண்டாம், அவன் வாசிப்பான். "என்ன தெரியுது?" என்று கேட்டுவிட்டு, மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். இந்த ஐந்துதான் கஷ்டம், நமக்கு வாய் சும்மா இருக்காது. அவன் "குருவி" என்றால், "ஆமா, குருவி வாயில குச்சி வெச்சிருக்கு" என்று ஒரு முழம் நீட்டிக் கொடுங்கள். அடுத்த முறை குச்சியோடு சேர்த்துச் சொல்வான். குரோவர் வைட்ஹர்ஸ்ட் என்ற உளவியலாளர் 1988இல் இந்த முறையைத்தான் பெற்றோருக்குப் பழக்கிப் பார்த்தார். இரண்டு வயதை ஒட்டிய பிள்ளைகள், ஒரு மாதம். இன்னொரு கூட்டத்துப் பெற்றோரும் அதே அளவுக்கு வாசித்தார்கள், ஆனால் வழக்கமாக வாசிக்கிறபடி. கேட்டு, காத்திருந்து, நீட்டிக் கொடுத்த பெற்றோரின் பிள்ளைகள் பேச்சில் முன்னால் போய்விட்டார்கள். எழுத்தில்லாத புத்தகத்தில் இதைச் செய்வது சுலபம், ஒளிந்துகொள்ள நமக்கு வரிகளே இல்லை.

கேள்வி: நாலு வயது மகள். குருவிக் கூடு பற்றிய புத்தகம். கூட்டில் மூன்று முட்டை, கடைசிப் பக்கத்தில் இரண்டு குஞ்சு. நான் கவனிக்கவே இல்லை, அவள் எண்ணிவிட்டாள். "இன்னொண்ணு எங்க?" என்றாள். சட்டென்று "பறந்து போயிடுச்சு" என்று சொல்லிவிட்டேன். மறுநாளும் கேட்கிறாள், அதற்கு மறுநாளும். புத்தகத்தை எடுத்து வைத்துவிடவா, அக்கா?

பதில்: எடுத்து வைக்காதீர்கள், கேள்வி புத்தகத்தோடு போகாது. முதலில் நீங்கள் தனியாக அந்தக் கடைசி விரிப்பை உற்றுப் பாருங்கள். குஞ்சுகளுக்குப் பின்னால், கூட்டின் ஓரத்தில், அந்த மூன்றாவது முட்டை அப்படியே கிடக்கிறதா? கிடந்தால் ஓவியர் தெரிந்துதான் செய்திருக்கிறார். சுத்தமாகக் காணோம் என்றால் வரைய மறந்துவிட்டார் என்று நினைக்கிறேன், அதையும் அவளிடம் அப்படியே சொல்லலாம், பெரியவர்கள் எண்ணிக்கையில் தப்பு விட்டார்கள் என்று கேட்பதில் நாலு வயதுக்கு ஒரு சந்தோஷம் இருக்கும்.

முட்டை அங்கேயே இருக்கிறது என்றால் கொஞ்சம் பின்வாங்க வேண்டியிருக்கும். "அன்னிக்கு அம்மா சரியாப் பார்க்காம சொல்லிட்டேன். அந்த முட்டை பொரிக்கலை" என்று சொல்லுங்கள். தூங்குகிறது என்று சொல்லாதீர்கள், ராத்திரி தூங்கப் போகிற நேரத்தில் அது வேறு பயத்தைக் கிளப்பும். ஏன் பொரிக்கலை என்பாள். எல்லா முட்டைக்குள்ளும் குஞ்சு வளர்வதில்லை, குருவி நன்றாக அடைகாத்தாலும் சில முட்டை அப்படியே இருந்துவிடும், அதுதான் உண்மை. அம்மாக் குருவி அழுமா என்று கேட்டால், தெரியவில்லை என்றே சொல்லலாம், நமக்குத் தெரியாதுதானே.

சொல்லி முடித்ததும் தாளைத் திருப்ப நீங்கள் கையை நீட்டாதீர்கள். அவள் பார்த்து முடித்ததும் அவளே திருப்புவாள்.